மெழுகில் விழுந்த கடி

அன்றைக்குக் கடைசியாக வந்தவள் பிரான்வின். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் விடாத மழை. ஆட்டுப்பட்டிக் கதவு முகத்தில் அடித்து அவளுடைய முன்பல் பாதி உடைந்திருந்தது. சனிக்கிழமை கல்யாணம்.

பல் மருத்துவர் நோலீனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காய்ச்சலென்று உதவியாளர் மதியமே கிளம்பிவிட்டாள். உடைந்த பல்லின் வேர் நன்றாகத்தான் இருந்தது. வேர்ச் சிகிச்சை செய்து உறை போட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நெடுநேரம் குனிந்து நிற்க வேண்டும். பிடுங்குவது சுலபம்.

"புடுங்கிட்டுப் பொய்ப்பல் வச்சிடலாம், கண்ணு. போட்டோவுல வித்தியாசமே தெரியாது."

"ஐயோ, வேணாம் நோலீன். எங்க தாத்தாவோட தங்கச்சி டல்சிக்கு, இப்ப உங்க கிளினிக் இருக்கிற இதே வீட்லதான் கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாப் பல்லையும் புடுங்கினாங்களாம். அத்தனையும் நல்ல பல்லு. மாப்பிள்ளைக்குப் பின்னாடி செலவு வரக்கூடாதுன்னு அவங்கப்பா செஞ்ச சீர். ரத்தம் நிக்காமப் போய்ச் சேந்துட்டா."

"அது அந்தக் காலம். வலியே தெரியாது, வாயைத் திற."

"சரி, நீங்க சொன்னா..." பிரான்வின் கண்ணீரோடு வாயைத் திறந்தாள்.

நோலீன் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தாள். அறையில் அந்தக் காலத்துப் பல் வைத்தியத்தின் கிராம்பெண்ணெய் வாசம் வந்தது. அவள் அதைத் தொட்டே பல வருஷம் ஆகிறது.

"உங்க நர்ஸ் கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" பிரான்வின் குழறினாள். "பரவால்ல, புடிச்சுக்கட்டும்."

அறையில் வேறு யாரும் இல்லை.

நாற்காலிக்கு வெளியே தொங்கிய பிரான்வினின் கை, வெறுங்காற்றை இறுகப் பற்றியிருந்தது.

குறடு பல்லைத் தொட்டது. நோலீனின் காதோரம் மூச்சுப் பட்டது. பல்லில்லாத வாயின் குழறல்.

"அவதான் வேணாங்கிறாளே."

குறடு நழுவித் தட்டில் விழுந்தது.

ஓடிவிடலாம். ஆனால் ஓடவும் தெம்பு வேண்டுமே. நோலீன் வேரைச் சுத்தம் செய்து அடைத்தாள். தற்காலிக உறையை ஒட்டினாள். நிரந்தர உறைக்கு அளவெடுக்க மெழுகுத் தகட்டைக் கடிக்கச் சொன்னாள். அதுவரை கிராம்பு வாசம் பக்கத்திலேயே நின்றது.

கண்ணாடியில் பல்லைப் பார்த்த பிரான்வின் அழுதேவிட்டாள். "நர்சுக்கும் தேங்க்ஸ் சொல்லிடுங்க," என்று மழைக்குள் ஓடினாள்.

நோலீன் மெழுகை விளக்கடியில் பிடித்தாள். பிரான்வினின் பல் தடங்கள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒட்டி இன்னொரு கடி.

அதில் ஒரு பல் தடம்கூட இல்லை. வழவழவென்று ஈறு மட்டும். ஈரம் காயவில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிரான்வின் எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். அதில் விழுந்த குறடு அங்கே இல்லை.

ஜில்லென்று ஒரு கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.