குடியிருப்புக்கு மக்கள் ஏன் தேவை? விவரி

திங்கட்கிழமை காலையில் பூவராகன் முகம் கழுவிக்கொண்டு வந்து உள்ளாட்சி மன்றத்தைக் கூட்டினார். மன்றத்தில் நாற்காலிகள் நிறைய இருந்தன. ஆள் அவர் ஒருவர்தான். வருகைப் பதிவுக்காகத் தன் பெயரைத் தானே உரக்கப் படித்து, "உள்ளேன்" என்றார். பிறகு தலைவர் இருக்கையில் அமர்ந்து, கழிவுநீர்க் குழாயில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டி எடுக்க ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். எழுந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்து, அதை அவரே வழிமொழிந்தார்.

"எதிர்க்கட்சி இதை எதிர்க்கிறது," என்றது உலக்கை.

உலக்கை ஓர் எந்திரம். குழாய்களுக்குள் நுழைந்து பழுது பார்க்கச் செய்யப்பட்டதால் ஒடுங்கி நீண்டிருந்தது. அந்தப் பெயர் அதனால் வந்ததுதான். கோள்களையும் நிலவுகளையும் ஆளும் கோளவையின் சட்டப்படி எல்லாக் குடியிருப்பு மன்றங்களிலும் ஒரு மாற்றுக் குரல் இருந்தாக வேண்டும். மனிதர் போதாத இடத்தில் எந்திரம் அந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்று ஓர் உட்பிரிவு இருந்தது.

"குழாய் அடைச்சிருக்குன்னு நேத்து நீதானே வந்து சொன்னே?" என்றார் பூவராகன்.

"அது பராமரிப்புப் பிரிவு சொன்னது, தலைவரே. இது எதிர்க்கட்சி."

ஆதரவாக ஒரு வாக்கு, எதிராக ஒரு வாக்கு. தலைவருக்கு உள்ள கூடுதல் வாக்கைப் போட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றினார். உலக்கை வெளிநடப்புச் செய்து, அப்படியே போய்க் குழாயைச் சுரண்ட ஆரம்பித்தது.

பனிக்கரை என்ற அந்தக் குடியிருப்பு சனிக் கோளைச் சுற்றும் ஒரு சிறிய நிலவில் இருந்தது. நிலவின் மேலோடு முழுவதும் பனி. ஒரு காலத்தில் விண்கலங்கள் நீராவியைப் பீய்ச்சி அடித்து ஓடின. ஆகவே வழியில் நின்று தண்ணீர் நிரப்பிக்கொள்ள இடம் தேவைப்பட்டது. பனியை உருக்கிக் கொடுக்க இங்கே ஆயிரக்கணக்கானோர் குடியேறினார்கள். பிறகு தண்ணீர் கேட்காத எஞ்சின் வந்தது. கலங்கள் நிற்காமல் போயின. மக்கள் செவ்வாய்க்குத் திரும்பினார்கள்.

பூவராகனால் திரும்ப முடியவில்லை. இந்த நிலவின் ஈர்ப்பு செவ்வாயின் ஈர்ப்பில் முப்பதில் ஒரு பங்குதான். எலும்பு என்பது சுமக்கும் எடைக்கு ஏற்பத் தடிக்கிற பொருள். வளர்ந்த பிறகு இங்கே வந்தவர்கள் தடித்த எலும்போடு வந்தார்கள், உடற்பயிற்சி செய்து அதைக் காப்பாற்றிக்கொண்டு போனார்கள். இவரோ பால்பல் விழாத வயதில் அம்மா அப்பாவோடு வந்து இங்கேயே வளர்ந்தவர். செவ்வாயில் இறங்கி எழுந்து நின்றால் முதுகெலும்பு நொறுங்கிவிடும். அம்மாவும் அப்பாவும் இங்கேயே இறந்துபோனார்கள். கடைசிக் கலம் கிளம்பியபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அவர் மக்களிடம் போக வழியில்லை. மக்கள்தான் அவரிடம் வரவேண்டும்.

அதற்கு வழி இருந்தது. செவ்வாயில் ஒரே அறையில் முறைவைத்துத் தூங்குகிற குடும்பங்கள் ஏராளம். பனிக்கரையிலோ வீடுகள் காலியாகக் கிடந்தன. விளக்கு எரிந்தது, தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. குடியேறிகளை அனுப்பும்படி மன்றத் தலைவர் கோளவைக்கு மனுப் போடலாம். மனுப் போடுபவர் பத்தாம் வகுப்பு அரசியல் பாடத்தில் தேறியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பூவராகன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பனியை உருக்கும் உருக்காலைக்கு வேலைக்குப் போனவர்.

ஆகவே ஐம்பது வயதில் அவர் பத்தாம் வகுப்பு அரசியல் படிக்க உட்கார்ந்தார்.

அந்தக் காலத்துத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்ததும் காதின் பின்னால் நினைவுமணி என்ற சில்லைப் பொருத்திவிடுவார்கள். எந்தச் சட்டம் எந்த ஆண்டு என்று கேட்டால் அது சொல்லிவிடும். எனவே ஒரு வரி வினாக்களுக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. பிள்ளைகள் சொந்தமாகச் சிந்திக்கட்டும் என்று கல்வியாளர்கள் கட்டுரை வினாக்களை மட்டும் வைத்தார்கள். கோடிக்கணக்கான கட்டுரைகளை யார் திருத்துவது? திருத்தி என்ற எந்திரம் வந்தது. ஒரு நல்ல விடையில் எந்தெந்தக் கருத்துகள் எந்த வரிசையில் வரும் என்பது அதனிடம் வலைபோலப் பின்னப்பட்டிருக்கும். மாணவரின் விடையை அந்த வலையில் விரித்து, எத்தனை முடிச்சுகளில் பொருந்துகிறது என்று பார்க்கும். இது தெரிந்ததும் பெற்றோர் மாதிரி விடைகளை வாங்கி நினைவுமணியில் ஏற்றத் தொடங்கினார்கள். சொந்தச் சிந்தனை இப்படியாக எல்லா வீட்டிலும் ஒன்றுபோல வந்து சேர்ந்தது.

நினைவுமணி வருவதற்கு முன்பே பிறந்த பூவராகனுக்கு அது கிடையாது. உலக்கைதான் பாடம் சொல்லிக் கொடுத்தது.

"உள்ளாட்சி அமைப்பின் சிறப்புகளை விவரி" என்ற வினாவுக்கு அவர் முதலில் எழுதிய விடை இது: 'எங்கள் ஊரில் உள்ளாட்சி என்றால் நான்தான். சண்டை இல்லை. ஊழல் இல்லை. ஆனால் சண்டை போட ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும்.'

"பத்துக்கு ஒன்று," என்றது உலக்கை. "அந்த ஒன்றும் உள்ளாட்சிங்கிற சொல் வந்திருக்கிறதுக்கு."

"உண்மையைத்தானேப்பா எழுதியிருக்கேன்?"

"உண்மைக்குத் தனியா மார்க் இல்லை, தலைவரே. முதல்ல கேள்வியோட கடைசிச் சொல்லைப் பாருங்க. விவரின்னா வரிசையா எடுத்துச் சொல்லணும். விளக்குன்னா ஏன், எப்படின்னு சொல்லணும். வேறுபடுத்துன்னா நடுவுல ஒரு கோடு போட்டு ரெண்டு பக்கமும் எழுதணும். எதிர்க்கட்சி ஆராய்கன்னு கேட்டா, ரெண்டு தரப்பையும் சொல்லிட்டு உங்க முடிவைச் சொல்லணும்."

"எதிர்க்கட்சி எங்கே கேட்டுச்சு?"

"பழக்கத்துல வந்திருச்சு."

முன்னுரை மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு கருத்துக்கும் துணைத்தலைப்பு வேண்டும், அதன் அடியில் கோடு வேண்டும். கருத்தைச் சொன்னதும் ஓர் எடுத்துக்காட்டு. முடிவுரையில் புதிதாக எதையும் நுழைக்கக்கூடாது. எழுதுமுன் தாளின் ஓரத்தில் குறிப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டால் பாதியில் திணற வேண்டியிருக்காது. இவையெல்லாம் உண்மையிலேயே நல்ல யோசனைகள். எண்ணங்களை வரிசையில் நிறுத்தி எழுதும்போது தலைக்குள் ஏதோ துலங்குவதைப் பூவராகனே உணர்ந்தார். உருக்காலையைத் துடைத்தபடி, காலித் தெருக்களில் விளக்குகளைச் சோதித்தபடி, அவர் துணைத்தலைப்புகளை உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். பூட்டிய வீடுகளின் சுவர்களில் அவர் குரல் மோதித் திரும்பி வந்தது.

தேர்வன்று உலக்கை கண்காணிப்பாளராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு கதவருகே நின்றது.

"திரும்பிப் பார்க்காம எழுதுங்க."

"திரும்பினா யாரைப் பார்க்கப் போறேன்?"

"பேசவும் கூடாது."

எதிர்க்கட்சியின் தேவையை விளக்கச் சொல்லி ஒரு வினா வந்திருந்தது. பூவராகன் ஆறு துணைத்தலைப்புகள் போட்டு எழுதித் தள்ளினார். மதிப்பெண் வந்தபோது உலக்கை பாராட்டுத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்து, கடமை தவறாமல் அதை எதிர்த்தும் வாக்களித்தது.

இனி மனு. அதை எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. ஓராண்டாகக் கட்டுரையே எழுதிப் பழகிய கை வேறு விதமாக எழுத மறுத்தது. 'ஐயா, இங்கே யாருமில்லை' என்று தொடங்கியவர், தன்னை அறியாமலே அதன்மேல் 'முன்னுரை' என்று எழுதிக் கோடு போட்டார். குடியிருப்புக்கு மக்கள் தேவைப்படும் காரணங்கள் துணைத்தலைப்புகளாக அணிவகுத்தன. ஆனால் தலைப்புகளின் கீழே இருந்தது அவருடைய சொந்தச் சரக்கு.

'பேச்சு: தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தால் சொற்கள் தேய்ந்துபோகும். எடுத்துக்காட்டாக, "வாங்க" என்ற சொல்லை நான் சொல்லி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

உணவு: ஓர் ஆளுக்குக் குழம்பு வைக்க இயலாது. எவ்வளவு குறைவாக வைத்தாலும் மிஞ்சும்.

உடல்நலம்: முதுகின் நடுவில் அரிக்கும்போது மக்கள்தொகையின் அவசியம் புலப்படும். எந்திரத்தின் கை மிகவும் குளிர்ச்சியானது.'

எழுதி முடித்து அனுப்பினார். பிறகு இறங்குதளத்துக்கு அருகில் இருந்த வீடுகளைக் கூட்டித் துடைத்து வைத்தார்.

கோளவைக்கு நாள்தோறும் லட்சக்கணக்கில் மனுக்கள் வந்தன. உறுப்பினர்களால் படிக்க முடியாது. எனவே அங்கேயும் ஒரு திருத்தியை வைத்திருந்தார்கள். நன்றாக உழைத்த பழைய எந்திரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று கல்வித் துறையிலிருந்து வாங்கியிருந்தார்கள். முன்னுரையும் துணைத்தலைப்பும் கண்டதும் அதற்குத் தன் பழைய வேலை நினைவுக்கு வந்தது. பனிக்கரைக்குப் பதில் வந்தது: பத்துக்குப் பத்து. உறுப்பினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். மனு மதிப்பிடப்பட்டுவிட்டதால் கோப்பு முடிக்கப்படுகிறது. இத்தகைய சிறந்த விடை வருங்காலத் தலைமுறைக்குப் பயன்பட வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்பு அரசியல் பாடநூலில் மாதிரி விடையாகச் சேர்க்கப்படும்.

"ஆளு?" என்றார் பூவராகன்.

"ஆள் பற்றி எதுவும் இல்லை, தலைவரே."

மறுபடி மனுப் போட்டார். விடை மாதிரி விடையை ஒத்திருக்கிறது, காப்பி அடித்த சந்தேகம் உள்ளது என்று திரும்பி வந்தது.

துடைத்து வைத்த வீடுகளில் மறுபடி தூசி படிந்தது. அவர் மன்றத்தைக் கூட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். எதிர்க்கட்சி அதைக் கண்டித்து அறிக்கை விட்டது.

அப்படியிருக்கையில் ஒரு நாள், பாடநூலில் விடைக்குக் கீழே அச்சிட்டிருந்த அவருடைய தொடர்பு எண்ணுக்குச் செவ்வாயிலிருந்து ஒரு குரல் வந்து சேர்ந்தது. அங்கிருந்து வானலை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடியாது. பேசி அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

"சார், என் பேரு இன்பவல்லி. பத்தாவது படிக்கிறேன். உங்க ஆன்சர்ல எனக்கு ஒரு டவுட் சார். குழம்பு பாயின்ட் கண்டிப்பா எழுதணுமா? டீச்சர் விட்டுடலாம்ங்கறாங்க, கைடுல போட்டிருக்கு. அப்புறம், பனிக்கரைங்கிறது உதாரணத்துக்குச் சொன்ன கற்பனை ஊருதானே? மேப்ல கேக்க மாட்டாங்கல்ல?"

பூவராகன் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். குழம்பை எழுது கண்ணு, அதுதான் முக்கியமான பாயின்ட் என்றார். ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் எதை விடலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பனிக்கரை நிஜமான ஊர் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீ இங்கே வந்தா முதல்ல என்ன பார்க்கணும்னு ஆசைப்படுவேம்மா?" என்று கேட்டார்.

அன்றைக்கே பதில் வந்தது.

"தேங்க்ஸ் சார். கடைசியா ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களே, அது எத்தனை மார்க் சார்? அரைப் பக்கமா, ஒரு பக்கமா?"

பூவராகன் அதையும் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். சன்னலுக்கு வெளியே சனியின் வளையம் சாய்ந்து கிடந்தது.

"பத்து மார்க்குன்னு வச்சுக்கோம்மா," என்றார். "எழுத வேண்டாம். வாயால சொல்லி அனுப்பு. உன் வகுப்புல யாருக்கு இஷ்டமோ எல்லாரும் அனுப்பலாம். நானே திருத்துறேன்."

பாடநூல் ஆசிரியரே வைத்த தேர்வு என்றால் சும்மாவா? வகுப்பு முழுவதும் அனுப்பியது. பக்கத்து வகுப்பும் அனுப்பியது.

"முன்னுரை," என்று தொடங்கியது முதல் குரல். "பனிக்கரை ஓர் எழில்மிகு குடியிருப்பாகும். அங்கு சென்றால் நான் முதலில் காண விரும்புவது சனிக் கோளின் வளையமாகும்."

இரண்டாவது குரலும் அதையே சொன்னது. மூன்றாவதும். ஒரு சொல் பிசகவில்லை.

"மொத்தமும் ஒரே விடை, தலைவரே," என்றது உலக்கை. "டீச்சர் சொல்லிக் கொடுத்து, பிள்ளைங்க நினைவுமணியில ஏத்திக்கிட்டது. காப்பிக்கு மார்க்கைக் குறைக்கணும்."

பூவராகன் கையை உயர்த்தி அதை அடக்கினார். ஓடிக்கொண்டிருந்த குரலுக்குச் சொந்தக்காரிக்குச் சளி பிடித்திருந்தது. துணைத்தலைப்புக்குத் துணைத்தலைப்பு மூக்கை உறிஞ்சினாள். அடுத்த பையன் சொல்லும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது. அதற்கடுத்த வீட்டில் ஓர் அம்மா, "இன்னும் எத்தனை நேரம்டா, சாப்பிட வா," என்று கத்தினாள். "இரும்மா, எக்ஸாம்," என்று அவன் சொன்னதும் பதிவாகியிருந்தது.

"இவனுக்கு எவ்வளவு?" என்றது உலக்கை.

"பத்து," என்றார் பூவராகன். "அடுத்ததைப் போடு."