இருபத்தைந்தாம் கோடு

பால்மானி முழுகியிருக்க வேண்டும். முழுகவில்லை.

விமலநாதன் கண்ணாடித் தொட்டிமேல் குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். பாலில் தண்ணீர் கலப்பவர்களைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி மிதவை அது. பால் சொசைட்டி செகரட்டரியான அவர் மனிதர்களை நம்பாமல் அதை மட்டுமே நம்புகிறவர். கடல் தண்ணீரில் போட்டால் இருபத்தைந்தாம் கோட்டில் நிற்கும். உப்பு குறையக் குறைய முழுகும். தொட்டியோ ஒரு மாதமாக அடிமூலையில் கசிகிறது. உப்புத் தண்ணீர் சொட்டி வெளியே போகப் போக, அவர் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி நிரப்பினார். ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. இந்நேரம் அது குளத்துத் தண்ணீராகி, வரி போட்ட மஞ்சள் மீன்கள் செத்து மிதந்திருக்க வேண்டும். மீன்கள் கொழுத்திருந்தன. கோடு இருபத்தைந்து.

தன் கைராசி என்று முடிவு கட்டினார். மரக்காணத்திலிருந்து பால் கேன்களில் கடலையே செஞ்சிக்குக் கொண்டுவர, இந்த அறுபத்தைந்தாம் வருஷத்தில் வேறு எவனுக்குத் துப்பு உண்டு? வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்துக்கு மீன் என்றால் குழம்பு. "கோட்டை கட்டினவன் போய்ட்டான், கொரங்குங்கதான் பாக்கி" என்பார், பால் ஊற்ற வந்தவர்களின் காதுபட.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுவது ஜைன வீட்டு வழக்கம். கோட்டை மலையான ராஜகிரியின் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்த அந்தச் சித்திரை மாலையில், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் கூடத்தில் ஓயாமல் முனக, கசிவுத் தண்ணீரின் கவிச்சை சோற்று வாசனையோடு கலந்து வர, அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். துப்பினார்.

"மறுபடியும் உப்பு இல்ல. உன் அட்டமி நோம்ப என் தலையில ஏண்டி கட்டற?"

மனைவி அனந்தமதி அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உப்பை விட்டு உண்பவள். அந்தப் புண்ணியத்தைப் புருஷனுக்கும் சேர்த்துச் சம்பாதிக்கப் பார்க்கிறாள் என்று ஒரு மாதமாக அவர் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அட்டமியே இல்லீங்க. ரெண்டு கை போட்டேன்." கெண்டைக்கால் இழுக்க, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நம்ம பசு எப்பவும் வேர்வைக்காக என் கைய நக்கிக்கினே இருக்கும். இப்ப மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குது. பயமா இருக்குதுங்க. அந்த ஜீவனுங்கள கடல்லயே வுட்டுடலாம்."

"மாட்டுக்குக்கூட உன் லட்சணம் தெரிஞ்சிபோச்சி."

எழுந்து போய் உப்பு ஜாடியில் கைவிட்டு நாலு கல்லை வாயில் போட்டார். மணல். வெறும் மணல். காலையில் கடையில் இதே உப்பை அவரே நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கினார், சுருக்கென்று கரித்தது. வாசற்படி தாண்டியதும் எங்கே போயிற்று?

பின்னால் தொப்பென்று சத்தம். அனந்தமதி அடுப்படித் தரையில் கிடந்தாள். அவள் கண்ணோரம் வழிந்ததைத் துடைத்தவர், எதையும் சோதிக்காமல் விடாத பழக்கத்தில், விரலை நாக்கில் வைத்தார்.

கிணற்றுத் தண்ணீர்.

மெல்லக் கூடத்தின் பக்கம் திரும்பினார். கோடு இருபத்தைந்திலேயே நின்றது யார் உப்பினால் என்று இப்போது புரிந்தது. தொட்டியைத் தூக்கித் தெருவில் கவிழ்க்க நாலு ஆள் வேண்டும். கூப்பிட்டால் வர ஊரில் ஒருத்தர் இல்லை, யாரையாவது மதித்திருந்தால்தானே. உடைக்கலாம். ஆனால் கையால் ஒரு ஜீவனைக் கொல்வது பாவம். தண்ணீர் ஊற்றுவது கொலையாகாது என்று கணக்குப் போட்டார். உப்பு குறைந்தால் அவை தாமே சாகும்.

வடிகட்டவில்லை. ஒரு குடம் ஊற்றினார். தொட்டி வழிந்தது. மிதவை இறங்கியது. இருபத்துநான்கு.

இன்னொரு குடம். இருபத்துமூன்று. மீன்கள் தள்ளாடின.

"இப்ப இன்னா பண்ணுவீங்க?" என்று இளித்தார்.

மோட்டார் நின்றது.

அடுப்படியில் ஏதோ தரையில் அடித்தது. தட். தட். அவள் குதிகால்.

மிதவை ஏறியது. இருபத்துநான்கு.

"இன்னாங்க... ஊத்தாதீங்க..."

மூன்றாவது குடம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்துவதற்குள் பாதி உள்ளே. மிதவை இறங்கியது. ஏறியது. தட் தட் தட். ஏறியது.

இருபத்தைந்து. நின்றது.

அடுப்படிச் சத்தமும் நின்றது.

"அனந்தமதி?"

நெற்றி வேர்வை உதட்டில் இறங்கியது. அதில் ஒரு ருசியும் இல்லை. மீன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியோரம் வந்து அவர் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றன.

அடிமூலையில் ஒரு சொட்டு விழுந்தது. மிதவை மயிரிழை இறங்கியது.

விமலநாதனின் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது.

மிதவை ஏறியது.