நடு நட்சத்திரம்

மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. நடுவில் உள்ளதைக் காணோம்.

அவள் டெலஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தாள். மேகம் இல்லை. துடைத்து வைத்த மாதிரி வானம்.

"டேய், நடுவுல ஒண்ணு இல்லையே?"

"நல்லாப் பாருக்கா. கண்ணு இருட்டுக்குப் பழகணும்ல," என்றான் தம்பி. பின்வாசலிலேயே நின்றான். தோட்டத்தில் கால் வைக்கவில்லை.

அம்மா போனபின் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். ஏதோ சின்னப் பேச்சு முற்றி, ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன வாரம் அவனாகவே போன் செய்தான். "லீவு போட்டு வாக்கா. பாப்பாவோட தோட்டத்துல உட்காந்து நட்சத்திரம் பார்க்கலாம்." ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தாள். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தன் குழந்தை பாப்பாவை உள்ளேயே உட்கார வைத்துவிட்டான்.

"வெளிச்சம் இருந்தா தெரியாது," என்று சமையலறை விளக்கை அணைத்தான். "பாயில படுத்துப் பாரு. முழு வானமும் தெரியும்."

படுத்தாள். நனைந்த மண்ணின் வாசனையும், கொடியில் காயாமல் தொங்கிய துணிகளின் சோப்பு வாசனையும் கலந்து வர, எங்கோ டிவியில் யாரோ சிரிக்க, தண்ணீர்த் தொட்டிக்குள் குழாய் சொட்ட, வேலியோரத்துப் பூச்சிகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. வரிசையில் இப்போது இன்னொரு நட்சத்திரத்தையும் காணோம். அதைச் சுற்றி இருந்தவையும் இல்லை. வட்டமாக ஒரு கறுப்பு. இருட்டைவிடக் கறுப்பு.

அது அகலமாகிக்கொண்டிருந்தது.

பூச்சிகள் நின்றன. சிரிப்பு நின்றது. குழாயும் சொட்டவில்லை.

பின்னால், தாழ்ப்பாள் விழும் சத்தம்.

எழுந்து ஓடிக் கதவைத் தட்டினாள். "என்னடா விளையாட்டு இது? திற!"

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. ரொம்பப் பக்கத்தில்.

"பாப்பாவைக் கேட்டுச்சுக்கா."

"எதுடா? எது கேட்டுச்சு?"

"தினமும் கேட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் கீழ வந்துச்சு." குரல் உடைந்தது. "நீதானே சொல்லுவ, அவளுக்காக உயிரையே குடுப்பேன்னு."

சொல்லியிருக்கிறாள். பாப்பா பிறந்த அன்று, கையில் வாங்கிக்கொண்டு. எல்லோரும் சொல்வதுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

காலடிகள் உள்ளே நகர்ந்தன.

குளிர். ஆஸ்பத்திரிப் பிணவறையில் அடிக்கும் அதே குளிர், மேலிருந்து. கொடியில் துணிகள் மெல்ல நிமிர்ந்தன. காற்று இல்லை. ஒவ்வொன்றாக, வானத்தைப் பார்த்து. புல்லில் இருந்த ஈரம் துளித்துளியாக மேலே போனது. அவள் பின்னல் முதுகை விட்டு எழுந்தது.

கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். விரல் வழுக்கியது.

அண்ணாந்து பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

ஜன்னலைத்தான் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தம்பி, இடுப்பில் பாப்பாவுடன். குழந்தை அவளைப் பார்த்துக் கையசைத்தது. அவன் தன் உள்ளங்கையால் அதன் கண்களைப் பொத்தினான்.

அந்த ஜன்னல் இப்போது அவள் காலுக்குக் கீழே இருந்தது.