கிளையில் மாட்டிய வைக்கோல்

ஊருக்கும் வயலுக்கும் நடுவே புது ரயில் பாதை வந்துகொண்டிருந்தது. உயரமாக மண்மேடு, மேலே தண்டவாளம். வண்டிகள் போய்வர மேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அங்கேதான் ஒரு பத்து வயதுச் சிறுமியின் அம்மா சித்தாளாக ஜல்லி சுமந்தாள்.

"சுவர் ஏறிடுச்சு. கூரை எவ்வளவு உயரத்துல போடணும்? உங்க ஊர்லயே உயரமான வண்டியைக் கொண்டாங்க" என்றார் இன்ஜினியர்.

டிராக்டர் ஓட்டும் அப்பா விடுவாரா? டிரெய்லரோடு கழுவித் துடைத்து, புது மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல ஓட்டிவந்தார். ஊரே கூடி நின்றது.

இன்ஜினியர் டேப்பை நீட்டி அளந்தார். "எட்டு அடி. பத்து அடியில கூரை போட்டா தாராளம். நாளைக்கே பலகை அடிச்சிடலாம்."

"போதாது!" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பத்து வயது மகள். எதிலும் முந்திக்கொள்வதால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை.

அப்பா அம்மாவை முறைத்தார். "உன் பொண்ணை அடக்கி வையேன்!"

"வெறும் வண்டியைக் காட்டுறீங்களேப்பா! அறுப்பு முடிஞ்சு வைக்கோல் ஏத்தினா?"

அறுவடைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. வைக்கோல் யாருக்கும் நினைவில்லை.

அவளுக்கு நினைவிருந்தது. கூரை இடித்தால் பாரத்தை இந்தப் பக்கம் இறக்கி, அந்தப் பக்கம் தலையில் சுமக்க வேண்டும். யார் தலையில்? சுமந்து சுமந்து அம்மாவின் உச்சியில் முடி தேய்ந்துபோயிருந்தது.

"எவ்வளவு உயரம் ஏத்துவீங்க?" என்றார் இன்ஜினியர்.

"இவ்ளோ" என்று அப்பா கையைத் தூக்கினார்.

"அட போண்ணே, இவ்ளோ!" என்று சித்தப்பா எம்பிக் குதித்தார்.

இன்ஜினியர் சிரித்துவிட்டார். "நீங்க குதிக்கிற உயரத்துக்கெல்லாம் கான்கிரீட் போட முடியாதுங்க. சரியான அளவு வேணும்."

"என்கிட்ட இருக்கு சார், வாங்க!"

அவள் ஓடினாள். வயல் பாதையின் குறுக்கே கிளை நீட்டிய மரம். போன அறுவடையில் வண்டி உரசிப்போன வைக்கோல் கிளையில் இன்னும் தொங்கியது.

டேப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மரமேறினாள். "பிடிச்சிட்டேன். கீழே பாருங்க!"

"பதிமூணே கால் அடி" என்றார் இன்ஜினியர். ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "நல்லவேளை. கூரை போட்ட பிறகு தெரிஞ்சிருந்தா ஒண்ணும் செய்திருக்க முடியாது."

வேலை மூன்று வாரம் நின்றது. வரைபடம் மாறி வந்தது. சுவர் இன்னும் ஐந்தடி ஏறியது. அதற்கும் அம்மாதான் ஜல்லி சுமந்தாள்.

அறுவடை வந்தது. முதல் வைக்கோல் பாரத்தின் உச்சியில் முந்திரிக்கொட்டை மல்லாந்து படுத்திருந்தாள். அப்பா வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். கூரை அவள் மூக்குக்கு மேலே நழுவிப் போனது. ஒரு வைக்கோல்கூட இடிக்கவில்லை. அதே நேரம் மேலே தடதடவென்று ரயில் ஓடியது.

வெளியே வந்ததும் அப்பா எழுந்து நின்று கத்தினார். "பார்த்தீங்களா! எல்லாம் என் பொண்ணு குடுத்த அளவு!"

சுவரில் சாய்ந்து நின்ற அம்மா, தான் ஜல்லி சுமந்து எழுப்பிய அந்தச் சுவரை ஒரு தட்டு தட்டினாள்.

"ஓகோ, இப்ப மட்டும் உங்க பொண்ணா?"