நாலாவது மாடி லிப்ட் வாசல்

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஆறு மாடிக் குடியிருப்பின் முன்னால் ஃபெமினா ஸ்கூட்டியை நிறுத்தியபோது காலை பதினொரு மணி. மேகம் மூடிக் கிடந்ததால் வெளிச்சம் அழுக்குத் துணியைப் போல இருந்தது. கட்டுமானக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அவள். பன்னிரண்டு நாளைக்கு முன்பு இங்கே செல்லக்கண்ணு என்ற, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் தச்சர், நாலாவது மாடியிலிருந்து லிப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோயிருந்தார். முசிறிக்காரர்.

வாசலில் ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். உள்ளே கரப்பான் முட்டைகள் ஒட்டியிருந்தன. எப்போதாவது போட்டோ எடுக்கும்போது மட்டும் தலையேறுகிறவை. கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

கீழ்த்தள அறையில் சைட் இன்ஜினியர் ஹரிஹரசுதன் பொங்கல் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். வடை சூடா இருக்கு, எடுத்துக்குங்க."

"எப்படி சார், குழிக்குள்ள விழுந்து கிடந்தவரு மூணு நாள் தெரியாமப் போச்சு?"

"ஊருக்குப் போயிட்டான்னு நினைச்சோம். அப்புறம் நாத்தம் வந்துச்சு. குழியில இடுப்பளவு மழைத்தண்ணி. தூக்கறப்ப கைத்தோலு உறை மாதிரி கழண்டு வந்துடுச்சு." வடையைச் சட்னியில் தோய்த்தார். "தண்ணியை இறைச்சு பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு. இப்ப சுத்தம்."

எண்ணெய் விரலாலேயே ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "எல்லா லிப்ட் வாசலும் பலகை அடிச்சு மூடியிருக்குன்னு போன மாசம் போட்டீங்கல்ல, அதையே இந்த மாசமும் போட்டுடுங்க. ஆளு குடிச்சிருந்தான்னு கீழ ஒரு வரி. நாளைக்கு கவர்மெண்ட் சேஃப்டி இன்ஸ்பெக்டர் வராரு."

"குடிச்சிருந்தாரா?"

"யாரு பார்த்தா?" என்று விரலை நக்கினார்.

ஃபெமினா படிவத்தைத் தள்ளி வைத்தாள். அருவருப்பு அந்த ஆள்மேல் மட்டுமல்ல. போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, பொன்மலை சைட்டுக்கு நேரமாகிறது என்று ஒரு படிகூட ஏறாமல் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

"மேல பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தாள்.

மூன்றாவது மாடியில் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சித்தாள் கலைமதி, முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"நாலாவதுக்கா போறீங்க? செவுத்தோரமாவே போங்க மேடம்" என்றாள் மெல்லிய குரலில்.

நாலாவது மாடியில் யாரும் இல்லை. பிளீச்சிங் நெடிக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. செத்த எலி பீரோவுக்குப் பின்னால் கிடந்தால் வருமே, அதைப்போல. ஆனால் இனிப்பாக. நாக்கில் ஒட்டுவதாக.

லிப்ட் வாசல் திறந்தே கிடந்தது. ஓர் உயிர் போன பிறகும், குறுக்கே சிவப்பு வெள்ளை ரிப்பன் ஒன்றுதான். இருபுறமும் பலகையைப் பிடுங்கிய ஆணித் துளைகள். பலகை தட்டுப்பாடு என்று மொட்டைமாடி சென்ட்ரிங்குக்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போட்டோ எடுக்கக் குனிந்தாள்.

கீழே சொட்டுச் சத்தம்.

தண்ணீரை இறைத்தாகிவிட்டது என்றாரே?

பிறகு, ஈரமான உள்ளங்கை சுவரில் அறைகிற ஒலி. தப். கொஞ்சம் மேலே, இன்னொரு முறை. தப்.

வாடை முகத்தில் அடித்தது.

"பலகை எங்க?"

மூச்சும் கோழையும் கலந்த குரல். அவள் பின்வாங்கத்தான் நினைத்தாள். காலடியில் கிடந்த ஜல்லி உருண்டது. ரிப்பன் அறுந்தது. உடம்பு முன்னால் சாய்ந்து இருட்டுக்குள் போனது.

இரண்டு கைகள் அவள் தோள்களைத் தாங்கின.

ஜில்லென்று, ஊறிப்போன கைகள். எலும்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாக வழுக்கின. ஒரே தள்ளு. அவள் தளத்தில் மல்லாந்து விழுந்தாள்.

எழுந்து உட்கார்ந்தபோது சட்டையின் இரு தோள்களிலும் பழுப்பு ஈரம். வலது தோளில் ஒரு நகம் ஒட்டியிருந்தது.

வாந்தியெடுத்தாள். ஓடிவந்த கலைமதி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களையுமா மேடம்?" என்று கிசுகிசுத்தாள். "இதோட நாலு பேரைத் தள்ளிடுச்சு. குழிக்குள்ள இல்ல. வெளிய."

ஃபெமினா எல்லா மாடி லிப்ட் வாசலையும் போட்டோ எடுத்துவிட்டுக் கீழே இறங்கி, வாயைக்கூடக் கழுவாமல் படிவத்தை இழுத்தாள். 'ஒரு வாசலிலும் பலகை இல்லை. சென்ற மாதம் நான் மேலே ஏறிப் பார்க்காமலே கையெழுத்திட்டேன்' என்று எழுதினாள். போட்டோக்களோடு அதையும் இன்ஸ்பெக்டருக்கு அங்கிருந்தே அனுப்பினாள்.

"உங்க வேலையும் போயிடும் மேடம்!" ஹரிஹரசுதனின் வாயோரத்தில் பொங்கல் ஒட்டியிருந்தது.

"முதல்ல வாயைத் துடைங்க சார்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து கட்டட வேலையை நிறுத்தினார். விளக்கம் கேட்டுக் கம்பெனி அவளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அது கையிலிருக்கும்போதே, ஆறு மாடி லிப்ட் வாசல்களுக்கும் இரும்பு கிரில் அடிக்கும் வேலையைக் கூடவே நின்று பார்த்தாள். வெல்டிங்குக்குப் பாலக்கரையிலிருந்து ஜெகபர் சாதிக் வந்திருந்தார். புதியவர். நடந்தது எதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஒவ்வொரு கிரில்லையும் உலுக்கிப் பார்த்துவிட்டு அவள் இறங்கி வந்தாள். அவர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றியபடி கேட்டார்:

"மேடம், நாலாவது மாடியில உள்பக்கமா சாரத்துல நின்னு கிரில்லைப் புடிச்சுக்கிட்டாரே, அந்த அண்ணன் யாரு? கொஞ்சமும் ஆடாமப் புடிச்சாரு. நன்றி சொல்லலாம்னு பார்த்தா ஆளைக் காணோம்."

குழிக்குள் சாரம் எதுவும் கட்டவில்லை.

ஜெகபர் சாதிக் கைகளைத் சோப்பால் இரண்டாம் முறையாகத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"பாவங்க, கையில ஏதோ சீழ்ப் புண்ணு போல. நாத்தம் தாங்கல. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."