பூட்டைக் கழற்றிய பிறகு

சாவி மெக்கானிக்கின் கையில் இருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மாமா? நிறுத்த நிறுத்த ஓடுது, எங்க அக்கா வாய் மாதிரி" என்றான் காரைக் கொண்டுவந்த மைத்துனன்.

"சாயங்காலம் அவகிட்டயே சொல்றேன்."

கியரில் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டு, திணறடித்துத்தான் அதை அடக்க முடிந்தது. சாவி போடும் சுவிட்சுக்குள் தொடுமுனை உருகி ஒட்டியிருக்கும், வேறென்ன? உச்சிவெயிலில் தகரக் கொட்டகை முறுக்கிக்கொண்டு முனக, பழைய கிரீஸும் சூடேறிய ரப்பரும் மூக்கை அடைக்க, கதவுக்கு வெளியே கால் நீட்டி, கிளட்ச், பிரேக் மிதிகளுக்குப் பக்கத்தில் தலை வைத்து மல்லாந்து படுத்தான். சுவிட்சைக் கழற்றிப் பிரித்தான். தொடுமுனைகள் பளபளவென்றிருந்தன. கருகலில்லை. தேய்மானமில்லை.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. சரியாக இருக்கும் பொருளை யாரால் ரிப்பேர் செய்ய முடியும்?

"மச்சான், பேட்டரியக் கழட்டிட்டியா?"

"கையிலயே தூக்கிட்டு நிக்கிறேன். இடுப்பு ஒடியுது."

அப்படியானால் குறை, சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கைத் திரும்பவிடாமல் பிடிக்கும் பூட்டில்தான். வலக்கையை ஸ்டியரிங் கம்பிகளுக்கு நடுவே தோள்வரை நுழைத்துப் பூட்டைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் போல்ட்டைத் திருகினான். இப்படிக் கையை உள்ளே விடாதே என்று தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள். வீட்டில் அடுப்பு எரிவது அந்த வலக்கையால்.

பூட்டு கழன்று மார்பில் விழுந்தது. குளிர்ந்திருந்தது, அந்த வெயிலிலும்.

எங்கோ உள்ளே ஒரு பெருமூச்சு. இருக்கை ஸ்பிரிங்காக இருக்கும்.

"மாமா, சும்மா இருங்க. முன்சக்கரம் திரும்புது, என் கால் மேல ஏறப்போகுது."

"நான் திருப்பலடா."

ஸ்டியரிங் ஒரு விரற்கடை நகர்ந்தது. கம்பி முழங்கையைத் தொட்டது. கையை இழுத்தான். வரவில்லை.

காதருகே கிளட்ச் மிதி இறங்கியது. மெல்ல. அடிவரை. அங்கேயே நின்றது.

தலைக்கு மேல் காலி இருக்கையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"மச்சான். பேட்டரி..."

"கையிலதான் இருக்கு மாமா."

எஞ்சின் உறுமியது.

இத்தனை நாளும் எதையோ பிடித்து வைத்திருந்தது அந்தப் பூட்டு ஒன்றுதான். ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது, அவன் கையோடு. அவசரமில்லாமல். எதிரே வளைவு வருவதைக் கண்ட ஒருவர் பார்த்துப் பார்த்துத் திருப்புவதைப் போல.