வரிசையின் கடைசி ஆள்

கடைசி ஆள் இரண்டு முறை குரல் கொடுக்க வேண்டும். ரோத்ரி ஒரு முறைதான் கொடுத்தான்.

ஹெலெத் நின்று காத்திருந்தாள். மூடுபனி முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது, கழுத்துக்குள் இறங்கியது, மூக்கில் நனைந்த கம்பளி வாடையாக ஏறியது. மேலே முகட்டை ஒட்டி இத்வால், அவருக்குக் கீழே அண்ணன் கெத்தின், அப்புறம் அவள், அவளுக்கும் கீழே குவாரி வேலியை ஒட்டி அவள் கணவன் ரோத்ரி. நாலு பேரும் ஒரே வரிசையாகச் சரிவின் குறுக்கே நடந்து, கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டி வரவேண்டும். பனி இறங்கிவிட்டால் பக்கத்து ஆள் தெரியமாட்டான். அதனால் மேலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக 'ஹோ' என்று ஒரு தடவை கூப்பிடுவார்கள், கடைசி ஆள் மட்டும் இரண்டு தடவை. இரண்டு கேட்டால் வரிசை அங்கே முடிகிறது, எல்லாரும் இருக்கிறார்கள், நடக்கலாம்.

மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். பட்டணத்துக்காரன், பாவம், முதல் தடவை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இரண்டு பேரும் கார்டிஃபிலிருந்து அவள் பிறந்த ஊரான கும் ஹெலிக்குக்கு வந்திருந்தார்கள். ஆடு இறக்க ஓர் ஆள் குறைகிறது என்று கெத்தின் போன் செய்தபோது, ரோத்ரியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னது அவள்தான். கல்யாணமாகி நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் அண்ணன் இவனிடம் முழுசாகப் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு மலையில் என்ன வேலை என்பது அவன் எண்ணம். காலையில் சமையலறையில் எல்லாரும் பன்றிக்கறியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தபோது, பக்கத்துப் பண்ணை இத்வால் ரோத்ரியின் புதுப் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "மாப்ளயோட பூட்ஸப் பாத்தாலே போதும், ஆடெல்லாம் வெக்கப்பட்டுத் தானா எறங்கி வந்துடும்" என்றார். கெத்தின் சிரித்தான். ரோத்ரியும் சிரித்தான். மேசைக்கு அடியில் அவள் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். உயரம் என்றால் அவனுக்குக் கைகால் உதறும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவனுக்கு வேலி ஓரத்தைக் கொடுத்தார்கள். கம்பியைப் பிடித்தபடி நடந்தால் போதும், வழி தவறாது. கம்பிக்கு அந்தப் பக்கம் தரையே கிடையாது. கூரைக்கல் வெட்டி வெட்டி மலையில் விழுந்த பள்ளம், நூறடி ஆழத்தில் கறுத்த தண்ணீர்.

இரண்டாவது சுற்று தொடங்கியது. இத்வால். கெத்தின். அவள். ரோத்ரி, ஒரு தடவை.

அப்புறம், அவனுக்கும் கீழே, இன்னொரு தடவை.

எதிரொலி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்ன வயதில் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று தன் பேரைக் கத்தி, அது திரும்பி வருவதைக் கேட்டுச் சிரித்தவள்தான். ஆனால் அது கத்தியவர் குரலிலேயே திரும்பி வரும். இது ரோத்ரியின் குரல் இல்லை. உலர்ந்த குரல், அவசரமில்லாத குரல், இந்த வேலையை வெகுகாலமாகச் செய்து பழகிய குரல்.

"ஹெலெத், உன் ஆளு ரெண்டு குடுத்தானா?" மேலிருந்து கெத்தின் கேட்டான்.

"குடுத்தாச்சு" என்றாள்.

ஏன் சொன்னாள்? இல்லை என்றால் எல்லாரும் நிற்கவேண்டும். கெத்தின் இறங்கி வந்து ரோத்ரிக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுப்பான், இத்வால் அதை ராத்திரி பப்பில் வைத்துக் கதையாக்குவார். வரிசை கலைந்தால் அந்த இடைவெளியில் ஆடெல்லாம் புகுந்து மேலே ஓடிவிடும், ஊரே ஒரு நாளை இழக்கும். இப்படித்தான் ஒரு தடவை ஒருவர் வரிசையை விட்டு விலகி உட்கார்ந்து டீ குடித்தார். பதினோரு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் அவர் பேர் டீக்காரர். ரோத்ரிக்கு அப்படியொரு பேர் வேண்டாம் என்றுதான் அந்தப் பொய்.

நடந்தாள். காய்ந்த பெரணிச்செடி காலில் நொறுங்கியது. பனிக்குள் ஆடுகள் ஓடும் குளம்புச் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. ஆட்டைக் கீழே ஓட்டும்போது மலையே அதிரும்படி அவை கத்தும், தாய் குட்டியைத் தேடும், குட்டி தாயைத் தேடும். இன்றைக்கு ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கெத்தினின் நாய் மோட் எங்கிருந்தோ வந்து அவள் காலோடு ஒட்டிக்கொண்டது. அதன் விலா நடுங்குவது கால்சட்டைக்கு மேலாகவே தெரிந்தது. போ என்றாள். போகவில்லை.

"ஹெலெத்?" ரோத்ரியின் குரல். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்க முயன்றான். "எனக்கும் கீழ யாராவது இருக்காங்களா?"

அவள் வாயைத் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். "வேலிக்கு அந்தப் பக்கமா யாரோ கூடவே நடந்து வராங்க."

நாற்பது அடி எடுத்து வைத்தால் அவன் கையைப் பிடித்திருக்கலாம். அவள் கால் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. கெத்தின் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்தது, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எதிரொலிதான் அது. வரிசைய விட்டுடாத ரோத்ரி. கம்பியப் புடிச்சிட்டே வா."

அப்புறம், "சரி" என்றான்.

மூன்றாவது சுற்று. இத்வால். கெத்தின். அவள். ரோத்ரி. அந்த உலர்ந்த குரல். அதற்கும் அப்பால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில், சீரான இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகத் தூரமாகிக்கொண்டே. ஏழு. எட்டு. ஹெலெத் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். எந்தக் குரலாவது இரண்டு தடவை கூப்பிடாதா என்று காத்திருந்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று.

ஒன்றுகூட இரண்டு தடவை கூப்பிடவில்லை.

குரல்கள் வளைந்தன. வலப்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்தன. இந்த மலையில் பிறந்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. பட்டியை நெருங்கும்போது வரிசையின் நுனிகள் முந்திப் போய் வளைந்துகொள்ளும். உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகமுடியாது. இப்போது குரல் இடப்பக்கமும் கேட்டது, இத்வாலுக்கும் மேலே, முகட்டிலிருந்து. அப்புறம் முதுகுக்குப் பின்னால்.

ஓட்டப்படுவது ஆடு மட்டும் இல்லை.

வரிசையை விட்டாள். கீழே ஓடினாள். மானமாவது மண்ணாவது. வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், கம்பி கையில் குத்தியது. வேலி. ரோத்ரி இல்லை. வேலிக்கம்பத்தின் தலையில் அவன் மூக்குக்கண்ணாடி இருந்தது. பத்திரமாக மடித்து வைத்திருந்தது. அது இல்லாமல் அவனுக்குத் தன் கையே தெரியாது.

"ஹெலெத்!"

பக்கத்தில்தான். பதினைந்தடிகூட இருக்காது.

"ஹெலெத், எங்க இருக்க? ஒரு தடவ குரல் குடு. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் வாயைத் திறந்தாள். அந்த நொடியில் மற்ற குரல்கள் எல்லாம் நின்றன. சுற்றிலும், ஒரே நேரத்தில். அவளுடைய பதிலுக்காக நின்றன. பனிக்குள் மிகப் பக்கத்தில் ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்தது. ஈரக் கல்லின் வாடை அடித்தது.

ஹெலெத் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரணிக்குள் மெல்லப் படுத்தாள். கூடவே ஓடி வந்திருந்த மோட்டின் வாயையும் பொத்தினாள்.

"ஹெலெத், இருக்கியா?"

இருந்தாள். அழுதாள். சத்தம் வரவில்லை.

"ஹெலெத்?"

அப்புறம் புல்லில் காலடி. பல காலடிகள். ரோத்ரியின் குரல் கடைசியாக ஒரு தடவை கேட்டது. பேர் சொல்லவில்லை. 'ஹோ' என்றது. ஒரே ஒரு தடவை.

எவ்வளவு நேரம் கிடந்தாளோ. பனி கிழிந்து வெளிச்சம் வந்தபோது கைக்கடிகாரம் மூன்றரை காட்டியது. கீழே கல்பட்டி தெரிந்தது. ஆடுகள் நிறைந்து நின்றன. கெத்தினும் இத்வாலும் வெளியே, கதவைத் தொடாமல், சற்றுத் தள்ளியே நின்றார்கள்.

"நாங்க வந்தப்பவே ஆடெல்லாம் உள்ள அடைச்சு, கதவும் கட்டியிருந்துச்சு" என்றான் கெத்தின். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நாங்க கட்டல."

ரோத்ரி உள்ளே இருந்தான். உயிரோடு இருந்தான். பட்டியின் மூலையில், ஆடுகளுக்கு நடுவே, கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, சுவரில் நெற்றி படும்படி நெருக்கிக்கொண்டு இருந்தான். பேர் சொல்லிக்கொண்டே கதவேறிக் குதித்து, ஆடுகளை விலக்கிக்கொண்டு போய்த் தோளைத் தொட்டாள். அவன் மிரண்டான். அவள் கையிலிருந்து நழுவி, இன்னும் உள்ளே, இரண்டு ஆடுகளுக்கு நடுவே தலையைச் செருகிக்கொண்டான்.

அப்போதுதான் அவன் இடது காதிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்தாள்.

கெத்தின் பின்னால் வந்து மண்டியிட்டான். கட்டைவிரலால் ரத்தத்தை வழித்துவிட்டுப் பார்த்தான். காதின் நுனியை நேராக வெட்டியிருந்தது, கீழ் ஓரத்தில் முக்கோணமாக இரண்டு வெட்டு. பழகிய கை வெட்டிய வெட்டு. பள்ளத்தாக்கில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு காதுவெட்டு உண்டு, ஆடு யாருடையது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். கெத்தினுக்கு அத்தனையும் மனப்பாடம். வெகுநேரம் பார்த்தான்.

"இது யாரோடதுன்னு எனக்குத் தெரியல, ஹெல்" என்றான்.

சுவருக்கு வெளியே இத்வால் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். பயத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், வருஷாவருஷம் இந்த இடத்தில் நின்று சொல்வதையே அவர் வாய் சொன்னது. "நம்மளோடது இல்லேன்னா ஒதுக்கி வெச்சிடணும். உரியவங்க வந்து கேட்டு வாங்கிட்டுப் போவாங்க."

ஹெலெத் ரோத்ரியை இரண்டு கையாலும் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். என்னுடையவன் என்று கத்தினாள். அவன் திமிறினான்.

பட்டியின் மறுகோடியில், மலையைப் பார்த்த சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம், பனி இன்னும் விலகாமல் சுவரளவு உயரத்துக்கு நின்றது. அந்தக் கதவின் கொக்கி நிதானமாக மேலே எழும்பியது. ஆடுகள் எல்லாம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. ரோத்ரி திமிறுவதை நிறுத்தினான். அவள் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அந்தக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கினான்.